இணைக்குவிய நுண்நோக்கியும் பல்லொளியணு நுண்நோக்கியும்

இணைக்குவிய நுண்நோக்கி, பல்லொளியணு நுண்நோக்கி ஆகியவை தடிப்பான உயிரியல் மாதிரிகளை வெட்டாமலேயே, அவற்றின் உள்ளே உள்ள ஒரு மெல்லிய தளத்தை மட்டும் தெளிவாகப் படம்பிடிக்க உதவும் உடனொளிர்வு நுண்நோக்கிகள் ஆகும். நுண்நோக்கி என்பது இலங்கை வழக்கில் நுணுக்குக்காட்டி எனப்படும். இணைக்குவிய நுண்நோக்கி, கான்ஃபோகல் நுண்நோக்கி என்றும் வழங்கப்படுகிறது. பல்லொளியணு நுண்நோக்கிகளுள் மிகுதியாகப் பயன்படுவது ஈரொளியணு நுண்நோக்கி ஆகும். ஒளியணு என்பது ஃபோட்டான் எனப்படும் ஒளித்துகளைக் குறிக்கும்.

இவ்விரு கருவிகளும் ஒரே சிக்கலுக்குக் காணப்பட்ட இரு வேறு தீர்வுகள் ஆகும். முதலாவது, குவியத்தளத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒளியை ஒரு சிறு துளையின் உதவியால் தடுத்துவிடுகிறது. இரண்டாவது, அத்தகைய ஒளி தோன்றுவதற்கே இடமளிப்பதில்லை. எவ்வளவு ஆழம் வரை காண முடியும் என்பதும், காணப்படும் உயிரணு எவ்வளவு நேரம் தீங்கின்றி இருக்கும் என்பதும் இந்த வேறுபாட்டையே பெரிதும் சார்ந்துள்ளன.

உடனொளிர்வும் மங்கலும்

சில மூலக்கூறுகள் குறிப்பிட்ட நிற ஒளியை உறிஞ்சிக் கிளர்வுற்று, அடுத்த சில நானோநொடிகளுக்குள் அதைவிட நீண்ட அலைநீளமுள்ள ஒளியை உமிழ்கின்றன. இந்நிகழ்வு உடனொளிர்வு எனப்படும். உறிஞ்சிய ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக இழக்கப்படுவதால், உமிழப்படும் ஒளியின் அலைநீளம் கூடுதலாக உள்ளது. எடுத்துக்காட்டாக, ஆய்வகங்களில் பயன்படும் பச்சை ஒளிர்புரத வகையொன்று 488 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை உறிஞ்சி, சுமார் 509 நானோமீட்டரில் பச்சை ஒளியை உமிழ்கிறது. இரு ஒளிகளின் நிறமும் வெவ்வேறாக இருப்பதால், வடிகட்டிகளைக் கொண்டு அவற்றைப் பிரிக்கலாம். இதனால் இருண்ட பின்னணியில் ஒளிர்சாயம் ஏற்றப்பட்ட பகுதி மட்டும் ஒளிர்ந்து தெரிகிறது.

வழமையான உடனொளிர்வு நுண்நோக்கியில் மாதிரியின் முழுத் தடிப்பும் ஒரே நேரத்தில் ஒளியூட்டப்படுகிறது. குவியத்தளத்தில் உள்ள சாயம் ஒளிர்வதைப் போலவே அதற்கு மேலும் கீழும் உள்ள சாயமும் ஒளிர்கிறது. அந்த ஒளியும் உணர்கருவியை அடைவதால் படம் மங்குகிறது. தட்டையாகப் படர்ந்து வளரும் உயிரணுக்களில் இது பெரிய இடையூறு அன்று. ஆனால் பல பத்து மைக்ரோமீட்டர் தடிப்புள்ள முளையம், இழையத் துண்டு, உயிருள்ள விலங்கின் மூளை போன்றவற்றில் நுண்ணிய விவரங்கள் முழுவதும் இந்த மங்கலில் மறைந்துவிடுகின்றன.

இதற்கான பழைய தீர்வு, இழையத்தைப் பதப்படுத்தி மிக மெல்லிய சீவல்களாக வெட்டுவதாகும். வெட்டப்பட்ட இழையம் உயிரற்றது. எனவே அமைப்பை அறிய முடியுமேயன்றி, அது காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது என்பதை அறிய முடியாது. கத்தியால் வெட்டுவதற்கு மாறாக ஒளியைக் கொண்டே ஒரு தளத்தைப் பிரித்தெடுப்பது ஒளியியல் வெட்டு எனப்படுகிறது.

இணைக்குவிய நுண்நோக்கி

தத்துவம்

இணைக்குவிய நுண்நோக்கியில் மாதிரி முழுவதும் ஒரே நேரத்தில் ஒளியூட்டப்படுவதில்லை. சீரொளி எனப்படும் லேசர் கற்றை, பொருளருகு வில்லையால் மாதிரிக்குள் ஒரு புள்ளியில் குவிக்கப்படுகிறது. அப்புள்ளியில் எழும் உடனொளிர்வு அதே வில்லை வழியாகத் திரும்பி வருகிறது. நிறத்தைப் பொறுத்து ஒளியைப் பிரிக்கும் ஆடி ஒன்று, சீரொளியிலிருந்து இதைப் பிரித்து உணர்கருவியை நோக்கி அனுப்புகிறது.

உணர்கருவிக்கு முன்னால் ஊசித்துளை ஒன்று வைக்கப்பட்டிருக்கும். குவியப்புள்ளியிலிருந்து வரும் ஒளி சரியாக இத்துளையில் குவிந்து அதனூடே செல்கிறது. குவியத்தளத்துக்கு மேலிருந்தோ கீழிருந்தோ வரும் ஒளி துளைக்கு முன்போ பின்போ குவிவதால், துளையின் தளத்தில் அது அகன்று பரவியிருக்கும். அதன் பெரும்பகுதி துளையின் விளிம்பில் தடுக்கப்படுகிறது. ஒளியூட்டும் புள்ளியும் உணரப்படும் புள்ளியும் ஒரே குவியத்தில் இணைந்திருப்பதே இக்கருவியின் பெயருக்குக் காரணம்.

படம் உருவாகும் முறை

ஒரு நேரத்தில் ஒரு புள்ளி மட்டுமே காணப்படுவதால், படத்தைப் புள்ளி புள்ளியாகவே அமைக்க வேண்டும். வேகமாக அசையும் இரு சிறு ஆடிகள் சீரொளியை மாதிரியின் குறுக்காக வரிவரியாக நகர்த்துகின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் பெறப்படும் ஒளியின் அளவை ஒளிப்பெருக்கிக் குழல் மின்குறிப்பாக மாற்றுகிறது. கணினி அவற்றை வரிசைப்படுத்திப் படமாக்குகிறது. 512 வரிகளும் வரிக்கு 512 புள்ளிகளும் கொண்ட படத்தில் மொத்தம் 2,62,144 புள்ளிகள் உள்ளன. அதனை ஒரு நொடியில் எடுத்தால் ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 4 மைக்ரோநொடி மட்டுமே.

ஒரு தளம் முடிந்ததும் குவியம் சிறிது மேலோ கீழோ நகர்த்தப்பட்டு அடுத்த தளம் எடுக்கப்படுகிறது. இவ்வாறு பெறப்படும் தளப்படங்களை அடுக்கினால் மாதிரியின் முப்பரிமாண உருவம் கிடைக்கும்.

விரைவு தேவைப்படும்போது சுழல்வட்டு வகை பயன்படுத்தப்படுகிறது. இதில் ஆயிரக்கணக்கான ஊசித்துளைகள் கொண்ட வட்டு சுழல்வதால் ஒரே நேரத்தில் பல புள்ளிகள் ஒளியூட்டப்படுகின்றன. படம் ஒளிப்படக்கருவியால் பதிவு செய்யப்படுகிறது.

பிரிதிறன்

ஒளி நுண்நோக்கியின் பிரிதிறனுக்கு எல்லை உண்டு என்பதை எர்ன்ஸ்ட் அபே 1873 இல் விளக்கினார். அலைநீளத்தை வில்லையின் எண்சார் துளைமதிப்பின் இருமடங்கால் வகுத்தால் இவ்வெல்லை கிடைக்கும். 500 நானோமீட்டர் ஒளிக்கும் 1.4 துளைமதிப்புக்கும் இது ஏறத்தாழ 180 நானோமீட்டர் ஆகும். செங்குத்துத் திசையில் பிரிதிறன் இதைவிடக் குறைவு. நல்ல வில்லையிலும் அது பொதுவாக 0.5 மைக்ரோமீட்டருக்கு மேல்தான் இருக்கும்.

ஊசித்துளையைச் சிறிதாக்கினால் ஒளியியல் வெட்டு மெலிகிறது. ஆனால் துளை மிகவும் சிறிதானால் குவியத்தளத்திலிருந்து வரும் பயனுள்ள ஒளியும் இழக்கப்படுகிறது. எனவே குவியப்புள்ளியின் ஒளிவட்டு துளையின் தளத்தில் எவ்வளவு அகலமாக விழுமோ, அந்த அளவுக்கே துளையை அமைப்பது வழக்கம்.

வரலாறு

இத்தத்துவத்தை முதலில் கருவியாக்கியவர் மார்வின் மின்ஸ்கி ஆவார். பின்னாளில் செயற்கை அறிவுத்திறன் ஆய்வின் முன்னோடியாக அறியப்பட்ட இவர், 1955 இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இக்கருவியை அமைத்தார். மூளையில் நரம்பணுக்கள் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்துள்ளன என்பதைக் காண்பதே இவரது நோக்கம். ஒளிக்கற்றையை அசைப்பதற்கு மாறாக இவர் மாதிரி வைக்கும் மேடையை அசைத்தார். 1957 இல் விண்ணப்பித்த காப்புரிமை 1961 இல் வழங்கப்பட்டது. செறிவான ஒளிமூலமும் படத்தைச் சேமிக்கும் கணினியும் அக்காலத்தில் எளிதில் கிடைக்காததால், இக்கண்டுபிடிப்பு நெடுங்காலம் கவனம் பெறவில்லை.

1960களில் செக்கோசுலோவாக்கியாவில் மொய்மிர் பெத்ரான், மிலான் ஆத்ராவ்ஸ்கி ஆகியோர் சுழலும் துளைவட்டு கொண்ட நுண்நோக்கியை உருவாக்கினர். 1969 இல் பால் டேவிடோவிட்சும் டேவிட் எக்கரும் சீரொளியைப் பயன்படுத்திய வருடு நுண்நோக்கியை வெளியிட்டனர். 1970களின் பிற்பகுதியில் ஆக்சுபோர்டில் காலின் செப்பர்டு, டோனி வில்சன் ஆகியோர் இதன் ஒளியியல் கோட்பாட்டை வளர்த்தனர்.

உயிரியலாளர்களிடையே இக்கருவி பரவக் காரணமானது 1980களில் கேம்பிரிட்சில் உள்ள மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தில் நடந்த பணியாகும். அங்கு ஜான் ஒயிட், பிராட் அமோசு ஆகியோர் ஆடிகளால் கற்றையை நகர்த்தும் கருவியை உருவாக்கினர். ஒரே மாதிரியை வழமையான நுண்நோக்கியாலும் இணைக்குவிய நுண்நோக்கியாலும் எடுத்துப் பக்கம் பக்கமாக ஒப்பிட்ட இவர்களது கட்டுரை 1987 இல் வெளியானது. மங்கல் நீங்கிய படங்களை நேரில் கண்ட பின்னரே இக்கருவிக்கான தேவை பெருகியது. பயோ-ராட் நிறுவனம் இவ்வடிவமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பல்லொளியணு நுண்நோக்கி

தத்துவம்

ஒரு மூலக்கூறு கிளர்வுறத் தேவையான ஆற்றலை ஓர் ஒளியணு மட்டுமே தர வேண்டும் என்பதில்லை. பாதி ஆற்றல் கொண்ட இரு ஒளியணுக்கள் ஏறத்தாழ ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால், அவை இரண்டும் சேர்ந்து அம்மூலக்கூறைக் கிளர்வுறச் செய்ய முடியும். ஆற்றல் பாதியானால் அலைநீளம் இருமடங்காகும். எனவே நீல ஒளியால் கிளர்வுறும் சாயத்தை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் கிளர்வுறச் செய்யலாம். பச்சை ஒளிர்புரதத்துக்கு இம்முறையில் சுமார் 920 நானோமீட்டர் ஒளி பயன்படுகிறது.

இரு ஒளியணுக்கள் இவ்வாறு ஒருங்கே சேர்வது மிக அரிதான நிகழ்வு ஆகும். வெயிலில் வைக்கப்பட்ட ரோடமின் சாய மூலக்கூறு ஒன்று நொடிக்கு ஒருமுறை ஓர் ஒளியணுவை உறிஞ்சும் என்றால், அது இரு ஒளியணுக்களை ஒருசேர உறிஞ்ச ஒரு கோடி ஆண்டுகள் ஆகும் என வின்ஃபிரீடு டெங்க், கரேல் சுவோபோதா ஆகியோர் மதிப்பிட்டுள்ளனர்.

இந்த அருமையே இம்முறையின் வலிமையாகும். ஈரொளியணுக் கிளர்வு ஒளிச்செறிவின் இருபடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. குவியத்தை நோக்கிச் செல்லும் ஒளிக்கூம்பில் குவியத்திலிருந்து விலகும் தொலைவு இருமடங்கானால், கற்றையின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகி ஒளிச்செறிவு நான்கில் ஒன்றாகிறது. அப்போது ஒவ்வொரு மூலக்கூறும் கிளர்வுறும் வாய்ப்பு பதினாறில் ஒன்றாகக் குறைகிறது. நான்கு மடங்கான பரப்பைக் கணக்கில் கொண்டாலும், அத்தளத்தில் எழும் மொத்த ஒளி நான்கில் ஒன்று மட்டுமே. ஓரொளியணுக் கிளர்விலோ செறிவு குறையும் அளவுக்குப் பரப்பு கூடுவதால், சாயம் சீராகப் பரவிய மாதிரியில் எல்லாத் தளங்களிலும் எழும் மொத்த ஒளி சமமாகவே இருக்கும்.

எனவே ஈரொளியணு முறையில் உடனொளிர்வு பெரும்பாலும் குவியப்புள்ளியைச் சுற்றியுள்ள மிகச் சிறிய கனஅளவில் மட்டுமே தோன்றுகிறது. தடுப்பதற்கு வேறு ஒளி இல்லாததால் ஊசித்துளை தேவையில்லை.

துடிப்புச் சீரொளி

இத்தகைய கிளர்வுக்கு மிகப்பெரும் ஒளிச்செறிவு வேண்டும். ஆனால் தொடர்ச்சியாக அவ்வளவு ஒளி பாய்ந்தால் மாதிரி எரிந்துவிடும். இதற்குத் தீர்வு, ஒளியை மிகக் குறுகிய துடிப்புகளாகச் செலுத்துவதாகும். பரவலாகப் பயன்படும் டைட்டானியம்-நீலக்கல் சீரொளி, சுமார் 100 ஃபெம்டோநொடி நீளமுள்ள துடிப்புகளை நொடிக்கு ஏறத்தாழ 8 கோடி முறை வெளியிடுகிறது. ஒரு ஃபெம்டோநொடி என்பது ஒரு நொடியைப் பத்து இலட்சம் கோடியால் வகுத்து, அதை மேலும் நூறால் வகுத்ததாகும்.

இக்கணக்கின்படி ஒரு நொடியில் சீரொளி உண்மையில் எரியும் நேரம் 8 மைக்ரோநொடி மட்டுமே. அதாவது சராசரித் திறன் 10 மில்லிவாட்டாக இருந்தாலும், துடிப்பின் உச்சத்தில் திறன் 1,000 வாட்டுக்கும் கூடுதலாக உள்ளது. அதே சராசரித் திறன் கொண்ட தொடர் சீரொளியைவிட ஈரொளியணுக் கிளர்வு ஒரு இலட்சம் மடங்குக்கும் மேல் மிகுகிறது.

ஆழம்

இழையத்துக்குள் செல்லும் ஒளி பல திசைகளிலும் சிதறுகிறது. அலைநீளம் கூடக்கூடச் சிதறல் குறைவதால், நீல ஒளியைவிட அகச்சிவப்பு ஒளி ஆழமாகச் செல்கிறது. திரும்பி வரும் ஒளியிலும் ஒரு நன்மை உண்டு. இணைக்குவிய நுண்நோக்கியில் குவியத்தில் எழுந்த ஒளி வழியில் சிதறினால் ஊசித்துளையைத் தவறவிட்டு வீணாகிறது. ஈரொளியணு முறையில் ஒளி எங்கிருந்து எழுந்தது என்பது முன்னமே தெரியும் என்பதால், எத்தனை முறை சிதறி வந்தாலும் உணர்கருவியை அடையும் ஒளி முழுவதையும் அப்புள்ளியின் கணக்கில் சேர்க்கலாம்.

ஒளியைச் சிதறடிக்கும் இழையங்களில் இணைக்குவிய நுண்நோக்கி பொதுவாக 100 மைக்ரோமீட்டர் அளவு ஆழம் வரை பயன்படுகிறது. ஈரொளியணு நுண்நோக்கியால் சுண்டெலியின் மூளையில் பல நூறு மைக்ரோமீட்டர் ஆழம் வரை காண முடியும். மேலும் ஆழத்துக்கு மூன்று ஒளியணுக்களை ஒருசேரப் பயன்படுத்தும் முறை உள்ளது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிரிசு சூவின் குழுவினர் 1,700 நானோமீட்டர் அளவிலான ஒளியைக் கொண்டு, சுண்டெலியின் மூளைப் புறணிக்கு அடியில் உள்ள இப்போகாம்பசுப் பகுதியைப் படம்பிடித்து 2013 இல் வெளியிட்டனர்.

வரலாறு

ஒரே நிகழ்வில் இரு ஒளியணுக்கள் உறிஞ்சப்படலாம் என்பதை மரியா கோப்பெர்ட் கெட்டிங்கனில் தமது முனைவர் பட்ட ஆய்வில் கோட்பாட்டளவில் காட்டினார். மணத்துக்குப் பின் மரியா கோப்பெர்ட் மேயர் எனப்பட்ட இவரது விரிவான கட்டுரை 1931 இல் வெளிவந்தது. இவர் 1963 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றது அணுக்கருவின் கூட்டமைப்பு பற்றிய வேறொரு பணிக்காகும். 1960 இல் சீரொளி கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டே, கைசர், காரெட் ஆகியோர் ஈரொளியணுக் கிளர்வைச் சோதனையில் கண்டனர். 1990 இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வின்ஃபிரீடு டெங்க், ஜேம்சு இசுட்ரிக்லர், வாட் வெப் ஆகியோர் இதை நுண்நோக்கியில் பயன்படுத்திக் காட்டினர்.

ஒளியால் ஏற்படும் தீங்கு

உயிரணுவைக் காட்டும் ஒளியே அதற்குத் தீங்கும் செய்கிறது. கிளர்வுற்ற சாய மூலக்கூறுகள் ஆக்சிசனுடன் வினைபுரிந்து, உயிரணுவின் புரதங்களையும் சவ்வுகளையும் சிதைக்கும் வேதிப்பொருட்களைத் தோற்றுவிக்கின்றன. இது ஒளிநச்சுமை எனப்படும். இதனுடன் சாயமும் படிப்படியாக ஒளிரும் தன்மையை இழக்கிறது. இது ஒளிவெளுப்பு எனப்படும்.

ஊசித்துளை, படத்தை மங்கச் செய்யும் ஒளியைத் தடுக்கிறதேயன்றி, அந்த ஒளி தோன்றுவதைத் தடுப்பதில்லை. இணைக்குவிய நுண்நோக்கியில் ஒரு தளத்தைப் படம்பிடிக்கும்போது மேலும் கீழும் உள்ள தளங்களும் ஒளியூட்டப்படுகின்றன. 50 தளங்கள் கொண்ட அடுக்கை எடுத்து முடிக்கும்போது, ஒவ்வொரு தளமும் ஏறத்தாழ 50 முறை ஒளியைத் தாங்கியிருக்கும். ஈரொளியணு முறையில் படமெடுக்கப்படும் தளம் மட்டுமே பெரிதும் பாதிக்கப்படுகிறது. வளரும் முளையத்தை மணிக்கணக்கில் பின்தொடர இது உதவுகிறது.

எனினும் ஈரொளியணு முறை தீங்கற்றது எனக் கருதலாகாது. குவியப்புள்ளியில் ஒளித்திறனைக் கூட்டும்போது சேதம் மிக விரைவாக ஏறுகிறது. கருநிறமி உள்ள இழையங்கள் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிச் சூடேறுகின்றன. எனவே போதுமான படத்தைத் தரும் மிகக் குறைந்த ஒளியைப் பயன்படுத்துவதே இரு முறைகளுக்கும் பொதுவான விதியாகும்.

ஒப்பீடு

• கிளர்வூட்டும் ஒளி: இணைக்குவிய முறையில் பெரும்பாலும் கண்ணுறு ஒளி, ஈரொளியணு முறையில் அகச்சிவப்புத் துடிப்புகள்.
• ஒளியியல் வெட்டு: முன்னதில் ஊசித்துளையால், பின்னதில் கிளர்வு குவியத்தோடு நின்றுவிடுவதால்.
• பிரிதிறன்: ஈரொளியணு முறையில் அலைநீளம் கூடுதலாக இருப்பதால் பிரிதிறன் சற்றுக் குறைவு.
• ஏற்ற மாதிரி: மெல்லிய அல்லது பதப்படுத்தப்பட்ட மாதிரிகளுக்கு இணைக்குவிய முறை, தடிப்பான, உயிருள்ள இழையங்களுக்கு ஈரொளியணு முறை.
• செலவு: துடிப்புச் சீரொளி விலை உயர்ந்தது என்பதால் ஈரொளியணுக் கருவிக்குச் செலவு மிகுதி.

மெல்லிய மாதிரிகளில் ஈரொளியணு முறையால் குறிப்பிடத்தக்க நன்மை இல்லை.

பயன்பாடுகள்

ஒளிரும் புரதங்களின் வருகை இக்கருவிகளின் பயனைப் பன்மடங்காக்கியது. ஜெல்லிமீன் ஒன்றிலிருந்து ஒசாமு சிமோமுரா 1962 இல் பிரித்தெடுத்த பச்சை ஒளிர்புரதத்தை வேறு உயிரினங்களிலும் உருவாக்க முடியும் என்பதை மார்ட்டின் சால்ஃபி 1994 இல் காட்டினார். இவர்களுக்கும் பல நிற ஒளிர்புரதங்களை உருவாக்கிய ரோசர் சியனுக்கும் 2008 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதனால் சாயம் ஏற்றாமலேயே உயிருள்ள விலங்கின் குறிப்பிட்ட உயிரணுக்களை ஒளிரச் செய்ய முடிந்தது. கால்சியத்தின் அளவுக்கேற்ப ஒளிர்வு மாறும் புரதங்களைக் கொண்டு, நரம்பணுக்கள் செயற்படுவதையும் நேரடியாகக் காணலாம்.

மருத்துவத்தில் கண்ணின் கருவிழிப்படலம், தோல் ஆகியவற்றைத் துண்டு எடுக்காமலேயே ஆராய, திரும்பும் ஒளியைப் பயன்படுத்தும் இணைக்குவியக் கருவிகள் உதவுகின்றன.

படங்களைப் புரிந்துகொள்ளுதல்

இக்கருவிகள் தரும் படங்களில் உள்ள நிறங்கள் பெரும்பாலும் கணினியால் இடப்பட்டவை ஆகும். உணர்கருவி ஒளியின் அளவை மட்டுமே அளக்கிறது. மேலும், சிவப்பும் பச்சையும் ஒரே இடத்தில் சேர்ந்து மஞ்சளாகத் தெரிவதால் அவ்விரு புரதங்களும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன எனக் கொள்ள முடியாது. பிரிதிறன் எல்லையான சுமார் 200 நானோமீட்டருக்குள் பல புரதங்கள் தொடர்பின்றியே அருகருகே இருக்க முடியும்.

மாதிரியை ஆயத்தம் செய்யும் முறையும் முடிவை மாற்றக்கூடும். 2002 டிசம்பரில் நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில், சுண்டெலியின் மூளைப் புறணியில் நரம்பணுக் கிளைகளின் மேலுள்ள நுண்முட்களை ஈரொளியணு நுண்நோக்கியால் நீண்டகாலம் பின்தொடர்ந்த இரு ஆய்வுகள் வெளியாயின. இம்முட்கள் நரம்பணுக்களிடையே தொடர்பு ஏற்படும் இடங்கள் என்பதால், அவற்றின் நிலைப்பு நினைவாற்றல் பற்றிய கேள்வியோடு நெருங்கிய தொடர்புடையது. ஓர் ஆய்வு, வளர்ந்த விலங்கில் ஒரு மாதத்தில் 96 விழுக்காடு முட்கள் மாறாமல் இருந்தன என்றது. மற்றது, ஏறத்தாழப் பாதி முட்களே ஒரு மாதமாவது நிலைத்தன என்றது. முதல் ஆய்வில் மண்டையோடு அகற்றப்படாமல் மெலிதாகச் சுரண்டப்பட்டிருந்தது. இரண்டாவதில் எலும்பு அகற்றப்பட்டுக் கண்ணாடிச் சாளரம் பொருத்தப்பட்டிருந்தது. ஆராயப்பட்ட மூளைப் பகுதியும் விலங்கின் வயதும் கூட வேறுபட்டன. சாளரத்தின் வகையே முட்களின் மாற்றத்தைப் பாதிக்கும் என 2007 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒளியால் வெட்டும் முறை கத்தியைத் தவிர்த்தாலும், காணும் செயல் காணப்படும் உயிரைத் தொடாமல் விடுவதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

இவற்றையும் பார்க்க

• உடனொளிர்வு
• சீரொளி
• பச்சை ஒளிர்புரதம்
• இலத்திரன் நுண்நோக்கி
• மரியா கோப்பெர்ட் மேயர்
• மார்வின் மின்ஸ்கி